மாதிரிக் கடைமடை

அந்தத் துறையின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குடம் நிரம்பிவிடும், குழாயில் தண்ணீர் வந்தால். ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மைக் கல்வி மற்றும் பயிற்சித் துறை. பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டி, கீழும் மேலுமாக ஒரு கட்டடம். கீழே நிலத்தடி நீர்ப் பிரிவு, மேலே மேற்பரப்பு நீர்ப் பிரிவு. மொட்டைமாடித் தொட்டி மேலே உள்ளவர்களின் பொறுப்பு. அதற்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் கீழே உள்ளவர்களின் அறைக்குள் இருந்தது. இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று தொடங்கிய மனஸ்தாபம் அது. கட்டுரையின் பொருள், நீர்ப் பயன்பாட்டில் ஒத்துழைப்பு.

ஆகவே ஒரு நாள் தொட்டி பொங்கிச் சுவரெல்லாம் வழியும். மறுநாள் கை கழுவச் சொட்டுத் தண்ணீர் இருக்காது. இது நீர் மேலாண்மையா என்று யாராவது கேட்டால், பேராசிரியர்கள் கேட்டவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். குழாய், மோட்டார், தொட்டி எல்லாம் பிளம்பர் சமாசாரம். அவர்கள் பார்ப்பது ஆறுகளை.

இந்தக் கட்டடத்துக்குத்தான் சின்னவளைப் படிக்க அனுப்பினார்கள். நாற்பதைத் தாண்டியவள், பாசனத் துறையில் உதவிப் பொறியாளர். வீட்டில் இரண்டே பெண்கள் என்பதால் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டே பழகிவிட்டார்கள். பெரியவள் அப்பா விட்டுப்போன நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். சின்னவள் படித்தாள், வேலைக்குப் போனாள். இந்தப் பட்டம் கையில் இருந்தால்தான் செயற்பொறியாளர் பதவி என்று இலாகாவில் புது விதி வந்திருந்தது. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து அவளுக்கே உத்தரவு போட ஆரம்பித்திருந்தார்கள்.

அப்பாவின் நிலம் வாய்க்காலின் கடைசி மடையில் கிடந்தது. அணையிலிருந்து வாய்க்கால் புறப்படும் இடத்தில் இருப்பவர்கள் தலைமடைக்காரர்கள். அவர்களுக்குத் தண்ணீர் தானாக வரும். வாய்க்கால் ஓய்ந்துபோகிற இடத்தில் இருப்பவர்கள் கடைமடைக்காரர்கள். அவர்களுக்கு எல்லாரும் பாய்ச்சி, கால் கழுவி, மாட்டைக் குளிப்பாட்டியது போக மிச்சம் வரும். பருவத்துக்கு இரண்டு முறை தண்ணீர் விடுவார்கள். முதல் முறை நடவுக்கு. இரண்டாவது முறை கதிர் பால் பிடிக்கும்போது. அந்த இரண்டாவது முறை தவறினால் கதிர் தலைகுனியாது, விறைத்து நிற்கும். உள்ளே முழுக்கப் பதர். பெரியவள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த இரண்டாவது முறைத் தண்ணீரில்தான்.

படிப்பை நடத்தியவரின் பெயரை மாணவர்கள் யாரும் சொல்வதில்லை. பேசின் சார் என்றால்தான் தெரியும். ஆற்றுப் படுகை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. எல்லாம் பேசின்தான். "பேசின் அளவுல யோசிங்க, பேசினை ஒரே உடம்பாப் பாருங்க" என்பார். மனிதருக்கு நீர்க்கொள்கை தண்ணி பட்ட பாடு. எந்த நாட்டில் எந்த ஆண்டு எந்த மாநாட்டில் யார் என்ன கோட்பாடு சொன்னார் என்று கடகடவென்று ஒப்பிப்பார். வாய்க்காலில் இறங்கியிருக்கிறாரா என்பது வேறு விஷயம். களப்பயிற்சி அன்று பேருந்திலிருந்து இறங்காமல் கண்ணாடி வழியாகவே மதகைக் காட்டினார், காலில் புது ஷூ.

அவரவர் இலாகாவிலிருந்து ஒரு நிஜ வாய்க்காலின் விவரத்தைக் கொண்டுவரச் சொன்னார். சின்னவள் தன் சொந்த வாய்க்காலையே கொண்டுபோனாள். எந்த மதகில் எவ்வளவு பாயும், எங்கே கசியும், எங்கே திருடுவார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. பேசின் சார் அதைப் புரட்டிப் பார்த்துச் சொக்கிப்போனார். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு 'மாதிரிப் பேசின்' என்று தலைப்பு வைத்து, வகுப்பு முழுக்க அதையே பாடமாக்கினார்.

சின்னவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நம்ம வாய்க்காலத்தான் இங்க பாடமா வச்சிருக்காங்க."

"பாடமா வச்சா தண்ணி வருமா?"

"எடுத்த எடுப்புலயே இப்படிக் கேட்டா எப்படிக்கா?"

"தெரியாமத்தானே கேக்கறேன். படிச்சவ நீதான் சொல்லணும்."

சின்னவள் பேச்சை மாற்றிவிட்டாள். பெரியவளிடம் பெருமையடிக்கப் போனால் இதுதான் நடக்கும் என்று தெரிந்தும் போன் போட்டது தன் புத்தி என்று நொந்துகொண்டாள்.

வருஷக் கடைசியில் வந்தது கலந்தாய்வுப் பயிற்சி. படிப்புக்கே அதுதான் மகுடம் என்றார் பேசின் சார். சமையலறை சாமான் வந்த அட்டைப்பெட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓட்டை போட்டு, கயிறு கோத்து வைத்திருந்தார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பங்குதாரர். தலைமடை, கடைமடை, நகராட்சி, தொழிற்பேட்டை, மீன். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். எடுத்ததைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவராகவே மாறிவிட வேண்டும். மீனாக மாறியவர் சுகாதாரத் துறையிலிருந்து வந்த அதிகாரி. கடைசிவரை போனில் வீடு கட்டும் மேஸ்திரியோடு பேசிக்கொண்டிருந்தார். பங்குதாரர்களிலேயே பொறுப்பாக நடந்துகொண்டது மீன்தான் என்று பிறகு பாராட்டு வந்தது, எதற்கும் மறுப்புச் சொல்லாததால்.

சின்னவள் கைக்கு வந்தது கடைமடை. கயிற்றைத் தலைவழியே மாட்டும்போது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பேச வேண்டிய திட்டத்தைப் பேசின் சார் பலகையில் எழுதினார். மாதிரிப் பேசினில் புதிதாக ஒரு தொழிற்பேட்டை வருகிறது. அதற்குத் தண்ணீர் வேண்டும். கடைமடையின் இரண்டாவது முறையை நிறுத்தி அதைத் தொழிற்பேட்டைக்குக் கொடுக்கலாம். கடைமடைக்காரர்களுக்கு ஈடாக மாற்று வாழ்வாதாரப் பயிற்சி. எல்லாரும் பேசி ஒருமித்த கருத்துக்கு வர வேண்டும். வந்தால் முழு மதிப்பெண், வராவிட்டால் ஒட்டுமொத்தக் குழுவுக்கும் பூஜ்யம். ஒருமித்த கருத்து வரும்வரை மதியச் சாப்பாடும் கிடையாது.

சாப்பாட்டுப் பொட்டலங்கள் கடைசி மேசையில் அடுக்கியிருந்தன. சூடாக இருந்ததால் வாசனை அறை முழுக்கப் பரவியது. பங்குதாரர்கள் எல்லாரும் அந்தப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள்.

சின்னவள் நன்றாகவே பேசினாள். பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னாள். தலைமடையில் கசிகிற மதகுகளை அடைத்தாலே தொழிற்பேட்டைக்குப் பாதி வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசினால் நேரமாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தலைமடை அட்டையை மாட்டியிருந்தவர் குடிநீர் வாரியத்துக்காரர். நல்ல உடம்பு, நேரத்துக்குச் சாப்பிட்டே பழகியவர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், நீங்க சொல்றது அத்தனையும் நியாயம். ஆனா இது நெஜமா என்ன? அட்டையக் கழட்டிட்டா நீங்களும் ஆபீசர், நானும் ஆபீசர்."

"எங்க வாய்க்கால் சார் அது."

"மாதிரி வாய்க்கால் மேடம். அவரே பேரை எடுத்துட்டாரே. நீங்க ஒருத்தர் கை தூக்காததால எங்க எல்லாருக்கும் பூஜ்யமா? எனக்கு சர்க்கரை வேற. கை நடுங்குது பாருங்க."

கையை நீட்டிக் காட்டினார். லேசாக நடுங்கத்தான் செய்தது. தொழிற்பேட்டையாக இருந்த சின்னப் பெண் அழுதுவிடுவாள் போல இருந்தாள். மீன் போனை மூடிக்கொண்டு "முடிஞ்சதா?" என்று கேட்டது.

சின்னவளுக்கும் பசி. பூஜ்யம் வந்தால் பட்டம் போகும், பட்டம் போனால் பதவி போகும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு இந்தக் கணக்கை அவளைவிட வேகமாகப் போட்டது. சின்னவள் கையைத் தூக்கினாள்.

"அப்படியே இருங்க, யாரும் கைய இறக்காதீங்க" என்று பேசின் சார் ஓடிவந்து படம் எடுத்தார். ஐந்து அட்டை, ஐந்து கை. "இதுதான் ஒருங்கிணைப்பு" என்றபோது மனிதருக்குக் குரல் தழுதழுத்தது. பொய்யில்லை, உண்மையாகவே உருகிப்போனார். அந்த மாதிரி ஆட்களிடம் அதுதான் பயங்கரம்.

பொட்டலத்தைப் பிரித்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனால் குழாயில் காற்றுத்தான் வந்தது. அன்று கீழ்ப் பிரிவுக்காரர்கள் மோட்டார் போடாத நாள். கட்டடத்திலேயே பேசின் சார் கண்ணில் படாத ஒரே பேசின் அந்தக் கைகழுவும் பேசின்தான். சின்னவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கழுத்திலிருந்த கடைமடையைக் கழற்றி, அதிலேயே கையைத் துடைத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

பட்டம் வந்தது. பதவியும் வந்தது. செயற்பொறியாளர் என்று கதவில் பெயர்ப்பலகை மாட்டி, சொந்த வாய்க்காலுக்கே அவளைப் பொறுப்பாகப் போட்டார்கள். பெரியவள் பார்க்க வந்தாள். நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். "இனிமே நம்ம மடைக்கு ஒரு ஆள் இருக்குன்னு சொல்லிக்கலாம்" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த பருவம், முதல் முறைத் தண்ணீர் விட்டு நடவெல்லாம் முடிந்திருந்த நேரத்தில், தலைமைப் பொறியாளர் ஒரு கூட்டம் கூட்டினார். வாய்க்காலைச் சீரமைக்கும் புதுத் திட்டத்தை விளக்கி, எல்லார் முன்னாலும் ஒப்புதல் கொடுப்பதற்கான கூட்டம். திட்டத்தை எழுதியது வெளியிலிருந்து வந்த ஆலோசகர் என்று மட்டும் சின்னவளுக்குச் சொல்லியிருந்தார்கள். மேல்மட்டத்திலேயே பேசி முடித்த விஷயம், அவள் வேலை நிறைவேற்றுவது மட்டும்.

அலுவலகக் கூடத்தில் நாற்காலிகள் தலைமடைக்காரர்களோடும் தொழிற்பேட்டைக்காரர்களோடும் தீர்ந்துபோயின. கடைமடைக்காரர்கள் கடைசியாக வந்த பேருந்தில் வந்து சேர்ந்து சுவரோரமாக நின்றார்கள். அங்கேயும் அவர்கள் கடைமடைதான். பெரியவள் மின்விசிறி எட்டாத மூலையில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் முன்வரிசையில், புதுப் பதவிக்கு உரிய இடத்தில்.

ஆலோசகர் மேடை ஏறினார். பேசின் சார்.

சின்னவளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார், பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல. பிறகு திரையில் வரைபடம் வந்தது. வகுப்பில் பார்த்த அதே வரைபடம். எடுத்த ஊர்ப் பெயரை மட்டும் திரும்ப ஒட்டியிருந்தார்கள். கடைமடையின் இரண்டாவது முறை இந்தப் பருவத்திலிருந்தே தொழிற்பேட்டைக்குப் போகிறது என்றார். சுவரோரம் முணுமுணுப்பு எழுந்தது. பேசின் சார் கையை உயர்த்தி அமர்த்தினார்.

"கவலைப்படாதீங்க. எல்லாப் பங்குதாரர்களோடயும் கலந்து பேசி, அவங்க முழு சம்மதத்தோடதான் இந்த முடிவுக்கு வந்திருக்கோம்."

அடுத்த படம் வந்தது. ஐந்து அட்டை, ஐந்து கை. நடுவில் சின்னவள், கழுத்தில் கடைமடை என்று கொட்டை எழுத்து, கை எல்லாரையும்விட உயரமாக.

திரையை மறைக்க முடியாது. எழுந்து ஓடவும் முடியாது. திரும்பிப் பார்க்கவும் சின்னவளின் கழுத்து மறுத்துவிட்டது. பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம். கடைமடைன்னு போர்டு மாட்டிட்டு நிக்கறது என் தங்கச்சி. இதோ முன்னாடி உக்காந்திருக்கா. அவ எங்க மடைக்காரங்க யாரையும் கேக்கலயே."

எந்த மனிதனும் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவான். பேசின் சார் தடுமாறவில்லை. முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லதும்மா. அப்ப கடைமடையோட பிரதிநிதித்துவம் இன்னும் உறுதியாகுது. நாங்க எல்லாரையும் தனித்தனியாக் கேக்கறதில்ல. அது நடைமுறையில முடியாது. அதனால மாதிரி எடுப்போம். இவங்க மாதிரிக் கடைமடை."

"கடைமடை மாதிரியா?" என்று கேட்டாள் பெரியவள். "அப்ப தண்ணியையும் மாதிரியா எடுத்துக்க வேண்டியதுதானே. நெஜத் தண்ணி எதுக்கு?"

சுவரோரம் சிரிப்பு கிளம்பியது. தலைமடைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். பேசின் சார் இதையும் குறித்துக்கொண்டார், பங்கேற்பு உற்சாகமாக இருக்கிறது என்று. தலைமைப் பொறியாளர்தான் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தை நல்லபடியாக முடித்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேறு கொள்கை இருந்ததில்லை.

"நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றார் சின்னவளைப் பார்த்து. "சம்மதம் குடுத்தீங்களா இல்லையா? குடுத்தேன்னு சொன்னா முடிஞ்சுது."

சின்னவள் எழுந்தாள். ஒலிபெருக்கியை யாரோ கையில் திணித்தார்கள். குடுத்தேன் என்று சொல்லிவிட்டு உட்காரலாம், பொய்யில்லை. கதவில் பெயர்ப்பலகை பத்திரமாக இருக்கும். ஆனால் பெரியவள் வயலில் பயிர் இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் பால் பிடிக்கும்.

"குடுத்தேன் சார்" என்றாள். "அது வகுப்புல நடந்த நாடகம். கை தூக்கினாத்தான் சாப்பாடுன்னு சொன்னாரு. பசி. தூக்கிட்டேன். படத்துல மத்தவங்களும் நெஜம் இல்ல. தலைமடையா நிக்கறவர் குடிநீர் வாரியம். ஓரத்துல நிக்கறவர் மீன்."

கூடம் ஒரேயடியாகக் கூச்சலிட்டது. தலைமைப் பொறியாளர் எழுந்து நின்று, திட்டம் ஒத்திவைக்கப்படுகிறது, மறு உத்தரவு வரும்வரை பழைய முறையே தொடரும், இரண்டாவது முறைத் தண்ணீர் வழக்கம்போல் கடைமடைக்குப் போகும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கார் சாவியைத் தேடினார்.

பேசின் சார் படம் காட்டும் கருவியின் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே சின்னவளிடம் வந்தார். கோபம் இல்லை, வருத்தம்தான்.

"உங்ககிட்ட நான் இதை எதிர்பார்க்கல மேடம். ஒருமித்த கருத்துக்குக் குடுத்த மதிப்பெண் அது. கருத்தே இல்லன்னு நீங்களே எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டீங்க. நான் எங்க பல்கலைக்கழகத் துறைக்கு எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க சார்."

"பட்டம் நிக்காதே."

"தெரியும் சார்."

அவருக்குப் புரியவில்லை. ஒரு முழு வருஷம் சொல்லிக்கொடுத்தும் இந்தப் பெண்ணுக்குப் பேசின் அளவில் யோசிக்க வரவில்லையே என்கிற கவலை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கலந்தாய்வை மறுபடி நடத்த வேண்டியதுதான், அடுத்த அணி மாணவர்கள் சேரட்டும் என்று தலைமைப் பொறியாளரிடம் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

சின்னவள் வெளியே வந்தாள். கடைமடைக்காரர்கள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அவளிடம் பேசவில்லை. தண்ணீரைக் காப்பாற்றிக் கொடுத்தவள் என்று கும்பிட வேண்டுமா, தாரை வார்த்தவள் என்று காறித் துப்ப வேண்டுமா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பெரியவள் மட்டும் வாசல் தூணருகே நின்றாள்.

இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அக்கா திட்டினால் தேவலை என்று இருந்தது சின்னவளுக்கு. திட்டி முடித்தால் அழலாம். பெரியவள் திட்டவில்லை. பேருந்து வரும் திசையைப் பார்த்தபடி, ஏதோ விலை விசாரிப்பதுபோல் கேட்டாள்.

"அப்படி என்ன சாப்பாடுடி போட்டாங்க?"

"ஆறிப்போன சாப்பாடுக்கா."

பெரியவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே தங்கையை ஒரு தடவை பார்த்தாள்.

"சூடாவாவது போட்டிருக்கலாம்" என்றாள்.